கொழுப்பு யாருக்கு?

தமிழில் 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உடலிலே சேரும் நெய்ப்பொருளுக்கு அது பெயர். திமிருக்கும் அதுவே பெயர். மலையகத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்த நாம் அச்சொல்லை முதன்முதலாகக் கேட்டது இரண்டாவது பொருளில்தான். பிரட்டுக்களத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தவளுக்குக் கொழுப்பு. கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்டவளுக்குக் கொழுப்பு. "தின்ன சோறு செமிக்கலியா, கொழுப்பா?" என்று கங்காணி ஏசும்போது, ஏச்சு வாங்கியவளின் நிறை நாற்பது கிலோவைத் தாண்டியிருக்காது. சம்பள உயர்வு கேட்டு 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். கேட்டவர்களைப் பார்த்து அதிகாரத்தில் இருந்தோர் மனத்தில் எழுந்த சொல்லும் இதுவாகவே இருந்திருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

உடலிலே இல்லாத பொருளின் பெயரால் ஒரு மக்கட் கூட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏசப்பட்டு வந்திருக்கிறது. இக்கட்டுரையில் நாம் பேசப் புகுவது அந்தப் பொருளைப் பற்றியே. அது என்ன, உடலுக்கு அது எதற்காக, அதில் எவ்வகை யார் வீட்டுக்கு வந்து சேருகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கொழுப்பு தீயது, அதைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற அறிவுரை நகரத்திலிருந்து புறப்பட்டு மலைக்கும் ஏறி வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்துக்கு நாமும் போயிருந்தோம். நகரத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயைக் குறையுங்கள், வெண்ணெயை விலக்குங்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. வயதான அம்மாயி ஒருத்தி எழுந்து, "ஐயா, கொறைக்கணும்னா மொதல்ல இருக்கணுமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், உத்தியோகத்தரும் சிரித்தார். பிரசுரம் அடுத்த தோட்டத்துக்கும் அப்படியே போயிற்று.

அந்தப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தது பொய்யல்ல. கொழும்பிலே நாற்காலியில் அமர்ந்து வேலை செய்து, மூன்று வேளையும் நிறைய உண்டு, நெஞ்சு வலியோடு வைத்தியரிடம் போகிறவருக்கு அது நல்ல புத்திமதி. ஆனால் ஒருவருடைய மருந்து எல்லாருக்கும் மருந்தாகிவிடாது. இதை விளங்கிக்கொள்ளச் சிறிது விஞ்ஞானம் தேவை.

எள்ளிலிருந்து எடுத்த நெய்யை நம் முன்னோர் எண்ணெய் என்றார்கள். பின்னர் தேங்காயிலிருந்து வந்ததும், நிலத்தடியிலிருந்து வந்ததும்கூட அந்தப் பெயரையே பெற்றன. உண்ணும் கொழுப்பு எதுவாயினும் அதன் அமைப்பு ஒரே மாதிரியானது. கிளிசரோல் என்னும் சிறு தண்டிலே மூன்று கொழுப்பமிலங்கள் கோத்து நிற்கின்றன. கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்களின் சங்கிலி. ஒவ்வொரு காபனும் தான் தாங்கக்கூடிய ஐதரசனை முழுதும் தாங்கி நின்றால் அது நிரம்பிய கொழுப்பு. சங்கிலியில் ஓரிடத்தில் மட்டும் ஐதரசன் குறைந்து இரட்டைப் பிணைப்பு உண்டானால் ஒற்றை நிரம்பாக் கொழுப்பு. பல இடங்களில் அவ்வாறிருந்தால் பல நிரம்பாக் கொழுப்பு. நிரம்பிய சங்கிலிகள் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்குண்டு எளிதில் உறைகின்றன. நிரம்பாதவை வளைந்து கிடப்பதால் உறையாமல் ஓடுகின்றன.

இந்த வேறுபாட்டை மலையகத்துத் தாய்மார் பள்ளிக்கூடம் போகாமலே அறிவார்கள். தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு நிரம்பிய கொழுப்பு. ஏறத்தாழ 24 பாகைச் சூட்டுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதக் காலைகளில் நுவரெலியாப் பக்கத்து லயங்களில் போத்தலுக்குள் அது வெள்ளைக் கட்டியாக நிற்கும். அடுப்பங்கரையில் போத்தலைச் சாய்த்து வைத்து, உருகி வரும் நாலு துளியைக் காத்திருந்து எடுப்பார்கள். நல்லெண்ணெய் அப்படி உறைவதில்லை. அதில் பாதியளவு பல நிரம்பாக் கொழுப்பு. நிலக்கடலையிலும், மலையடிவாரத் தோட்டங்களில் காய்க்கும் ஆனைக்கொய்யா என்ற வெண்ணெய்ப் பழத்திலும் ஒற்றை நிரம்பாக் கொழுப்பு மிகுதி. கடல்மீனில், சிறப்பாக நெத்தலி போன்ற சிறு மீனில், ஒமேகா-3 என்னும் வகை இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் உடலில் என்ன வேலை? மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். செங்குத்தான மலையிலே கூடையைத் தலையில் மாட்டி நாள் முழுதும் ஏறி இறங்கும் உடலுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆனால் கொழுப்பை வெறும் விறகாக மட்டும் நினைப்பது தவறு. உடலின் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் உள்ள மென்சவ்வு கொழுப்பால் ஆனது. நீரை நீக்கிப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பே. எல்லாரும் பழிக்கும் கொலஸ்திரோலிலிருந்துதான் பித்த உப்புக்களும், ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய ஓமோன்களும் உருவாகின்றன. சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தைபோல் தாங்குவதும், தோலின் கீழிருந்து குளிரைத் தடுப்பதும் கொழுப்பு. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு உயிர்ச்சத்துக்கள் கொழுப்பிலே கரைந்தால்தான் குடலைக் கடந்து இரத்தத்துக்குப் போகும்.

இவை ஒரே நாளில் கண்டறிந்த உண்மைகள் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மக்கொலம், மார்கரீட் டேவிஸ் ஆகிய இருவரும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று கரைந்திருப்பதை 1913ல் வெளியிட்டார்கள். பின்னாளில் உயிர்ச்சத்து ஏ எனப் பெயர் பெற்றது அதுவே. 1929ல் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வளர்ச்சி குன்றின, தோல் செதில் செதிலாக உதிர்ந்தது, சிறுநீரகம் கெட்டது. லினோலீயிக் அமிலம் என்ற நிரம்பாக் கொழுப்பில் சிறிதளவு கொடுத்ததும் தேறின. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவிலிருந்தே வரவேண்டிய கொழுப்பு உண்டு என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது.

இலங்கைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கொழும்பிலே பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற விஞ்ஞானி, முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் முட்கள்போல் சிறு பருக்கள் எழுந்து தோல் சொரசொரத்துப் போகும் நோயை 1933ல் விவரித்து, 'தேரைத் தோல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரொன்றை அதற்குச் சூட்டினார். உயிர்ச்சத்து ஏ குறைவால் வருவது என்று அவர் கருதினார். பிற்கால இந்திய ஆராய்ச்சியாளர்கள் இன்றியமையாத கொழுப்பமிலங்களின் குறைவுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டினார்கள். நம் லயத்திலே அதற்கு நோய் என்ற பெயர் கிடையாது. பிள்ளைகளின் முழங்கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். பனியால் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

* * *

லயத்துச் சமையற்கட்டிலே எண்ணெய் இருந்த விதத்தை இனிச் சொல்ல வேண்டும். கடையிலே பற்று வைத்து வாரத்துக்குக் கால் போத்தல் தேங்காயெண்ணெய் வரும். அந்தக் கால் போத்தலே தலைக்கும், தாளிப்புக்கும், சாமி விளக்குக்கும். ரொட்டிக் கல்லிலே எண்ணெய் ஊற்றும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஒரு துணி முடிச்சை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் நாளில் அதே முடிச்சைப் பிழிந்து நமது தலையில் தடவியதும் உண்டு. எண்ணெய் கொப்பளிக்கும் சட்டியை நாம் கண்டது தீபாவளிக்கு மட்டுந்தான். தீபாவளி முற்பணம் கிடைக்கும். முறுக்கும் வடையும் சுடுவார்கள். இரண்டு நாள் வயிறு புரளும். பிறகு அந்த முற்பணம் மாதா மாதம் சம்பளத்திலிருந்து கழிந்துகொண்டே போகும்.

இத்தீவைத் தென்னை நாடு என்கிறார்கள். ஆனால் தென்னை குளிர்மலையில் காய்ப்பதில்லை. குருநாகல், சிலாபம், புத்தளம் பக்கத்துத் தேங்காய் லொறி ஏறி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வந்து, அங்கிருந்து தோட்டத்துக் கடைக்கு வரும்போது ஒவ்வொரு கைக்கும் ஓர் இலாபம் ஏறியிருக்கும். 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. ஏறக்குறைய நாட்சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு ஒரு தேங்காய்க்கு! அந்த நாட்சம்பளமும் கேட்ட அளவு கொழுந்து பறித்தால்தான் முழுதாகக் கைக்கு வரும், குறைந்தால் அரைப்பேர்.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கோதுமை மாவிலும் அரிசியிலும் பருப்பிலும் நூறு கிராமுக்கு ஒன்றோ ஒன்றரையோ கிராம் கொழுப்புத்தான் உண்டு. காலையும் மதியமும் ரொட்டி, இரவு சோறும் பருப்பும் என்று உண்பவளுக்கு இவற்றிலிருந்து ஐந்தாறு கிராம் கிடைக்கும். ஐந்து பேருள்ள வீட்டில் ஒரு நாளைக்கு அரைமூடித் தேங்காய் சம்பலுக்கும் கறிக்கும் போனால், அதிலுள்ள 60 கிராம் அளவான கொழுப்பில் ஆளுக்கு 12 கிராம். வாரத்துக்குக் கால் போத்தல் எண்ணெயை ஐந்து பேருக்கும் ஏழு நாளுக்கும் பங்கிட்டால், தலைக்கு எதுவுமே வைக்காமல் இருந்தால், ஆளுக்கு 5 கிராம். மொத்தம் 23 கிராமைத் தாண்டாது. பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சியதைத் தாய் உண்பதே வழக்கமாதலால், அவள் பங்கு அதிலும் குறைவு.

எவ்வளவு வேண்டும்? 2008ல் ஜெனீவாவில் கூடிய உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் நிபுணர் குழு 2010ல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வளர்ந்தவர் ஒருவர் பெறும் சக்தியில் குறைந்தது நூற்றுக்கு 15 பங்கு கொழுப்பிலிருந்து வர வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும், உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்களுக்கும் குறைந்தது நூற்றுக்கு 20 பங்கு வேண்டும். நாளுக்கு 2,200 கலோரி தேவைப்படும் கொழுந்துக்காரிக்கு இது 49 கிராம். நம் கணக்கில் கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை. கொழுப்பு நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் போகக்கூடாது, நிரம்பிய கொழுப்பு 10 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் விதித்த மேல் வரம்பு எல்லாப் பிரசுரங்களிலும் அச்சாகிறது. கீழ் வரம்பை யாரும் அச்சிடுவதில்லை. மேல் வரம்பைத் தாண்டுகிறவர்களே பிரசுரம் எழுதுகிறார்கள் என்பது தவிர இதற்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

* * *

கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் கரட் விளைகிறது. கரட்டின் செம்மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டின். உடல் அதை உயிர்ச்சத்து ஏயாக மாற்றிக்கொள்ளும். ஆனால் உணவோடு சிறிதளவேனும் கொழுப்புச் சேராவிட்டால் கரோட்டினின் பெரும் பகுதி குடலைக் கடக்காமலே வெளியேறிவிடும். கரட்டையும் கீரையையும் வெறும் தண்ணீரில் அவித்து உண்கிற வீட்டுக்கு அவற்றின் பலன் முழுதும் போய்ச் சேருவதில்லை. ஒரு கரண்டி எண்ணெயோ ஒரு பிடி தேங்காய்ப்பூவோ இருந்தால் அதே கரட் கண்ணுக்கு ஒளி தரும். மலையிலே விளைவதன் பயன்கூட மலையில் விளையாத தேங்காயின் விலையில் தங்கியிருக்கிறது.

பாலின் கதையும் இத்தகையதே. அம்பேவலைப் பண்ணையின் பால் நாடெங்கும் போகிறது. தோட்டத்திலே மாடு வளர்க்கும் குடும்பங்களும் உண்டு. மலையிலிருந்து இறங்கியபின் புல்லறுத்துக் கட்டுச் சுமந்து, விடியுமுன் கறந்து, பால் சேர்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். வீட்டில் நிற்பது ஒரு கோப்பை. அது கைக்குழந்தைக்கோ கிழவருக்கோ. மற்றவர்களுக்குச் சாயத்தண்ணி. பாலை விற்றால்தான் மா வாங்கலாம் என்னும்போது, பாலின் கொழுப்பு பிள்ளையின் எலும்புக்குப் போகாமல் கடைக்காரரின் கணக்குக்குப் போகிறது.

இது நம் மலைக்கு மட்டும் உரிய விதியல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் நாடு இங்கிலாந்துக்கு வெண்ணெய் ஏற்றுமதி செய்து செல்வம் சேர்த்தது. அந்த வெண்ணெயைக் கடைந்த நாட்டிலேயே ஏழைப் பிள்ளைகள் கொழுப்பெடுத்த பாலும் மாஜரினும் உண்டு, கண் வரண்டு, பார்வை இழந்தார்கள். கோப்பன்ஹேகனில் குழந்தை வைத்தியராயிருந்த கார்ல் ப்ளொக் இதைக் கண்டு எழுதினார். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கடலை அடைத்தபோது ஏற்றுமதி நின்றது. 1918ல் அரசு வெண்ணெயைப் பங்கீட்டில் எல்லாருக்கும் கொடுத்தது. கண் நோய் மறைந்தது. போர் முடிந்து, ஏற்றுமதி மீண்டும் தொடங்கியபின் நோயும் திரும்பியது. வெண்ணெயை யார் உண்ண வேண்டும் என்பதைச் சந்தையே முடிவு செய்தது. பிள்ளைகளின் கண் அதற்கு விலை கொடுத்தது.

தேயிலையோடு கொழுப்புக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. திபெத்து மக்கள் தேநீரில் உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்து குடிப்பார்கள். குளிர்ந்த மேட்டுநிலத்தில் உழைக்கும் உடலுக்கு எது வேண்டுமென்று அவர்களின் முன்னோர் அனுபவத்தால் அறிந்த வழக்கம் அது. நம் மலையும் குளிர்மலைதான். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. தை மாத விடியலில் புல் நுனியில் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள் தொட்டு உலகத்துக்குத் தேநீர் ஊட்டியவர்கள், அந்தக் குளிரிலே வெறுஞ்சாயத்தைச் சீனியோடு குடித்து மலை ஏறினார்கள்.

இதன் பாரம் முழுதும் வந்து இறங்குவது பிறந்த குழந்தையின்மீது. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் கழுத்திலும் தோட்பட்டைகளின் நடுவிலும் பழுப்புக் கொழுப்பு என்ற தனிவகை இருக்கிறது. அதை எரித்தே அது சூடு காக்கும். குழந்தையின் உடலில் உள்ள கொழுப்பிற் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சேருவது. அம்மாதங்களில் தாய் என்ன உண்டாள், எவ்வளவு சுமந்தாள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்கு இந்தச் சேமிப்புக் குறைவு. குளிர்மலையிலே பிறந்ததற்காக அதற்கு மேலதிகமாக யாரும் கொடுப்பதில்லை.

பிறந்தபின் தாய்ப்பால். தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்து வருவது. ஊட்டத் தொடங்கும்போது சுரக்கும் பாலைவிட மார்பு வெறுமையாகும் தறுவாயில் வரும் பாலில் கொழுப்பு மிகுதி. குழந்தை பொறுமையாக, வயிறு நிறையும்வரை குடித்தால்தான் அந்தப் பால் கிடைக்கும். மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, அடுத்த நிறுவைக்கு நேரமாகிவிடுமே என்று கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு ஊட்டுகிறவளால் அவ்வளவு நேரம் இருக்க முடியுமா? நேரமும் ஓர் உணவுப் பொருள் என்பதை எந்தச் சத்துணவு அட்டவணையும் சொல்வதில்லை. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 பாலில் எவ்வளவு சேரும் என்பதும் தாயின் உணவைப் பொறுத்தது. ஒரு கைப்பிடி நெத்தலி இதற்கு உதவும். மாதக் கடைசியில் முதலில் நின்றுபோவதும் நெத்தலியே.

இவற்றின் விளைவை அரசாங்கத்தின் கணக்கே காட்டுகிறது. 2016ல் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். நாம் சிறுவராயிருந்த 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தோடு ஒப்பிட்டால் நிலைமை எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. அந்த ஆண்டிலே மாவும் கிடைக்காமல், கிழங்கும் இலையும் தின்று, லயத்துக்கு லயம் சாவு விழுந்தது. ஆனால் பஞ்சத்தை அளவுகோலாக வைத்து ஒரு நாட்டின் குடிமக்களை எத்தனை காலத்துக்கு அளப்பது?

* * *

இப்போது லயத்திலே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கொழுப்பு வரத் தொடங்கியிருக்கிறது. ஆனால் வருவது வேறு கொழுப்பு. பள்ளிக்கூட வாசலிலும் பஸ் நிலையத்திலும் பிஸ்கற்றும், பணிஸும், ரோல்ஸும், பொரித்த மிக்சர் பைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. வெளியூர் வேலைக்குப் போன இளைஞர்கள் கடைச் சாப்பாட்டில் வளர்கிறார்கள். கடைச் சட்டியில் ஒரே எண்ணெய் காலையிலிருந்து இரவு வரை, மறுநாளும்கூடக் கொதிக்கும். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் நிரம்பாக் கொழுப்பு சிதைந்து, உடலுக்குத் தீங்கான பொருட்கள் உண்டாகின்றன.

இன்னொன்று டிரான்ஸ் கொழுப்பு. 1902ல் வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி திரவ எண்ணெயில் ஐதரசனைப் புகுத்தி உறைய வைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். மலிந்த எண்ணெய் வெண்ணெய்போல் கட்டியாயிற்று, நாட்பட்டாலும் கெடவில்லை, ஆலைகளுக்குக் கொள்ளை இலாபம். ஆனால் அரைகுறையாக ஐதரசன் ஏறும்போது நிரம்பாக் கொழுப்பின் வளைவு நிமிர்ந்து, இயற்கையில் அரிதான வடிவம் பெறுகிறது. இது இரத்தக் குழாயை அடைக்கும் தீய கொலஸ்திரோலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. ஆலையில் செய்த இக்கொழுப்பை 2023க்குள் உணவிலிருந்து முற்றாக ஒழிக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் அறைகூவியது. தேங்காயெண்ணெயும் குற்றமற்றதல்ல. நிரம்பாக் கொழுப்புள்ள எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது தீய கொலஸ்திரோலைக் கூட்டுகிறது. இன்றியமையாத கொழுப்பமிலமும் அதில் மிகச் சொற்பம். ஆகவே தேங்காய் ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டுக்கு மீனும் நிலக்கடலையும் நல்லெண்ணெயும் சேருவது நல்லது.

கருவிலே பட்டினி கிடந்த உடல் பிற்காலத்தில் இந்த மலிந்த கொழுப்பைச் சந்திக்கும்போது நேர்வதுதான் கொடுமை. குறைந்த நிறையோடு பிறந்தவர்களுக்கு நடுவயதில் இதய நோய் மிகுதியாக வருவதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் கண்டு சொன்னார். புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடன் உழைத்தவர்களும் 2003ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் குழந்தைகள் நிறை குறைந்து பிறந்தாலும், தசையே குறைந்து, கொழுப்பு அவ்வளவாகக் குறையாமல் பிறப்பதைக் காட்டினார்கள். மெலிந்த உடலுக்குள் இடம் மாறிய கொழுப்பு. அதன் பின்னே நீரிழிவு. பணக்கார வியாதி என்று ஒரு காலத்தில் சொன்ன நோய்க்கு இன்று லயத்துப் பெண்கள் மாதாந்தம் மருந்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரே வீட்டில் பேத்திக்குக் கொழுப்புப் போதாத நோய், பாட்டிக்குக் கெட்ட கொழுப்பின் நோய். இருவருக்கும் கையில் இருப்பது ஒரே பிரசுரம்.

ஆகவே கொழுப்பை உண்பதும் தவிர்ப்பதும் தனிமனிதனின் நாக்கைப் பொறுத்தது என்று சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. நல்ல கொழுப்பு விலை கூடியது. கெட்ட கொழுப்பு மலிந்தது. நெத்தலிக்கும் முட்டைக்கும் பாலுக்கும் காசு வேண்டும். பணிஸுக்குச் சில்லறை போதும். இதில் தொழிலாளியின் அறியாமையைக் குறை சொல்வது எளிது. தன் பிள்ளைக்குப் பால் நல்லது என்று அறியாத தாய் எந்த லயத்திலும் இல்லை என்பதை நாம் உறுதியாகச் சொல்வோம்.

செய்ய வேண்டியவை விளங்காத காரியங்களல்ல. விலைவாசி ஏறும்போது தானும் ஏறுகிற சம்பளம் வேண்டும். அதைப் பெற ஒவ்வொரு முறையும் தெருவில் நிற்க வேண்டிய நிலை ஒழிய வேண்டும். வீட்டுக்கொரு துண்டு நிலம் சொந்தமாக வேண்டும். அதிலே மாடும் கோழியும் வளர்க்கவும், மரக்கறி நடவும் உரிமை வேண்டும். பிள்ளைக் காம்பராவில் ஒரு வேளைச் சோற்றோடு முட்டையும், நெத்தலியும், ஒரு கரண்டி எண்ணெயும் சேர வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குச் சம்பளம் குறையாத ஓய்வு நேரம் வேண்டும். பிள்ளைக் காம்பரா மலைக்கு அண்மையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடங்களைச் சுற்றி விற்கும் பண்டங்களில் என்ன கொழுப்பு இருக்கிறது என்று பரிசோதிக்க வேண்டும். சுகாதாரப் பிரசுரம் எழுதுகிறவர்கள் முதலில் பெண்களை நிறுத்துப் பார்த்து, நிறை குறைந்தவளுக்குக் கூட்டவும், நிறை கூடியவளுக்குக் குறைக்கவும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

இவற்றைக் கேட்கிறவர்களைப் பார்த்துக் கொழுப்பு என்று யாரேனும் சொன்னால், நாளொன்றுக்கு 49 கிராம் என்று கணக்குக் காட்டுவோம். அதில் மீதிப் பாதி வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.